தொப்பூர் வழியாகப் போனவர்கள்

தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த பழைய மைல்கல் ஒன்று, 'அதியமான் பெருவழி' என்று சாலையின் பெயரைச் சொல்லி, நாவல் தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று தூரத்தையும் சொல்கிறது. எழுத்தமைதியை வைத்து 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். தூரத்தைத் தமிழ் எண்ணில் வெட்டிய கல்தச்சன் அதோடு வேலையை முடித்துக்கொள்ளவில்லை. கூடவே இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் குடைந்து வைத்தான். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத மாட்டுக்காரரும் குழிகளை எண்ணி, இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொண்டு போகலாம்.

தாவளம் என்பது பொதிமாட்டு வணிகர்கள் இறங்கித் தங்கும் இடம். ஆக, அந்தக் கல் பேசியது உள்ளூர்க்காரரோடு அல்ல. பக்கத்துச் சந்தைக்குப் போகிறவருக்கு 29 காதத்தில் இருக்கும் தாவளம் எதற்கு? எங்கிருந்தோ வந்து, எங்கோ போகிறவருக்காக நட்ட கல் அது. தருமபுரிச் சாலைகளின் கதையில் இந்தக் கடந்துபோகிறவர் திரும்பத் திரும்ப வருவார். காலத்துக்குக் காலம் அவருடைய வாகனம்தான் மாறும்.

இதற்குக் காரணம் நில அமைப்பு. பெங்களூர் கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. தருமபுரி ஏறத்தாழ அதில் பாதி உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்கும் மூன்று படிகளில் நடுப்படி தருமபுரி. மேல்படியிலிருந்து வர இராயக்கோட்டைப் பக்கம் ஒரு வழி. கிழக்கே ஆற்காட்டுச் சீமைக்குப் போக சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் கணவாய். தெற்கே சேலத்துக்கு இறங்கத் தொப்பூர்க் கணவாய். மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த இடுக்குகளைத் தவிர்த்துவிட்டுப் படையோ பண்டமோ நகர முடியாது. அதியமான்கள் ஆண்ட தகடூரும் (இன்றைய தருமபுரி), பின்னால் நுளம்பர், சோழர், ஒய்சளர் என்று கை மாறிய நிலமும் முக்கியத்துவம் பெற்றதில் மண்வளத்துக்கு இருந்த பங்கைவிட இந்த வழிகளுக்கு இருந்த பங்கு பெரிது.

பொதிமாட்டுக்குத் தளம் போட்ட சாலை தேவையில்லை. முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை தொங்க, ஒன்றன்பின் ஒன்றாக மாடுகள் நடக்கும். பாறையிலும் ஏறும், ஓடையிலும் இறங்கும். பாதை ஒரு மாட்டின் அகலத்துக்கு இருந்தால் போதும். வழியில் தண்ணீர், மேய்ச்சல், கள்வர் பயமில்லாத இரவுத் தங்கல், எவ்வளவு தூரம் என்று சொல்ல ஒரு கல். பெருவழி என்று பெயர் பெற்ற வழிகளுக்கு மன்னர்கள் செய்து தந்ததும் பெரும்பாலும் இவைதான். கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் ஆதித்த சோழன் காலத்து இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு தமிழிலும் வட்டெழுத்திலுமாக இரண்டு முறை வெட்டப்பட்டிருக்கிறது. வழியில் போகிறவர் எந்த எழுத்துப் படித்தவரானாலும் புரிய வேண்டும் என்ற அக்கறை அங்கும் தெரிகிறது.

18-ஆம் நூற்றாண்டில் கணவாய் வழியே பீரங்கிகள் வந்தன. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதிக்காக ஐதர் அலியும் கிழக்கிந்தியக் கம்பெனியும் மாறி மாறிச் சண்டையிட்டார்கள். 1790 நவம்பரில் திப்பு சுல்தானின் படை தொப்பூர்க் கணவாயில் இறங்க, கம்பெனியின் ஜெனரல் மெடோஸின் படை பின்னாலேயே வந்தது. இரண்டு படைகளுக்கும் தீனி சுமந்தவை மாடுகள்தான். போர்க்காலங்களில் ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் தானியம் ஏற்றிக்கொண்டு போன லம்பாடிகளின் வழிவந்தவர்கள் இன்றும் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கம்பெனிக்குக் கைமாறியது. அலெக்சாண்டர் ரீட் ஆட்சிப் பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் வேலை பார்த்தார். தருமபுரியில்தான் பெரும்பாலும் தங்கினார். அவர்களுக்கு முதல் வேலை நிலத்தை அளப்பதும் தீர்வை விதிப்பதும். உழவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. சாலை அதற்கு அடுத்தபடிதான் வந்தது. அதிலும் முதலில் படை போகும் வழிகள்.

மாட்டின் முதுகிலிருந்த மூட்டை மாட்டுவண்டிக்கு மாறியபோதுதான் கல் தேவைப்பட்டது. வண்டிச் சக்கரத்தைச் சுற்றி அடித்த இரும்புப் பட்டை மண்பாதையை இரண்டு கோடாக அறுக்கும். முதல் மழையில் அந்தக் கோடுகளில் தண்ணீர் நிற்கும். இரண்டாவது மழையில் வண்டி அச்சு வரை இறங்கும். இந்தச் சிக்கலுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லவுடன் மெக்காடம் சொன்ன தீர்வு எளிமையானது. கனமான அடித்தளக் கற்கள் வேண்டாம். சிறிதாக உடைத்த, ஒரே அளவான ஜல்லி போதும். முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். ஒரு கல் ஆறு அவுன்ஸுக்கு மேல், அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடியிலிருக்கும் மண் நனையக் கூடாது. பாரத்தைத் தாங்குவது மண்தான். ஜல்லி அதற்குக் கூரை. நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் சாலை போட்டு, இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டினால் மண் காய்ந்தே இருக்கும்.

கப்பிச்சாலை என்று நம் ஊரில் அறியப்பட்டது இதுதான். தருமபுரிச் சீமையில் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. எங்கே பார்த்தாலும் கருங்கல் பாறை. ஒட்டர் என்றும் போயர் என்றும் அறியப்பட்ட கல்வேலைக்காரர்கள் பாறையைப் பிளந்தார்கள். பெண்கள் சாலையோரத்தில் உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் உடைத்தார்கள். உடைத்த ஜல்லியை அப்படியே கொட்டிவிட்டுப் போக முடியாது. சாலையோரத்தில் ஒரே நீளம், அகலம், உயரத்தில் குவித்து வைக்க வேண்டும். மேலதிகாரி வந்து அளந்து, கணக்கில் எழுதிய பிறகுதான் பரப்பலாம், கூலி கிடைக்கும். பரப்பிய ஜல்லியை உருளையால் அழுத்தி, இடுக்குகளில் கிராவல் மண்ணைத் தூவி, தண்ணீர் தெளித்து, மறுபடி உருட்டுவார்கள். ஜல்லியோடு மண் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரும்புப் பட்டை விடாது. மழைக்காலம் முடிந்ததும் பள்ளம் விழுந்த இடத்துக்கெல்லாம் மறுபடி ஜல்லிக் குவியல் வந்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் பணம்? 1866-இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட ரோடு செஸ் சட்டம் வந்தது. நிலத்தீர்வையோடு சேர்த்துச் சாலைக்கென ஒரு வரி. 1871-இல் அது உள்ளாட்சி நிதிச் சட்டமாக விரிந்தது. 1884-இல் மாவட்டப் போர்டுகளும் தாலுகா போர்டுகளும் பொறுப்பேற்றன. வண்டிக்காரர்களிடம் வசூலிக்கச் சுங்கச்சாவடிகளும் இருந்தன. ராகியும் கொள்ளும் விளைவித்த மானாவாரி விவசாயி, தன் வண்டி ஆண்டுக்கு எத்தனை முறை ஏறுமோ தெரியாத நெடுஞ்சாலைக்கும் சேர்த்துத் தீர்வை கட்டினார்.

அடுத்து வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்துத் தென்னிந்தியா சுருண்டது. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. 1871 கணக்கெடுப்பில் 19,66,995 பேராக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881-இல் 15,99,595 ஆகக் குறைந்தது. பட்டினி கிடந்தவர்களுக்கு அரசு கொடுத்த வேலையில் பெரும்பகுதி மண் வெட்டுவதும் ஜல்லி உடைப்பதும்தான். வைஸ்ராய் அனுப்பிவைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஓர் அணா. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், கடும் வேலை செய்யும் உடம்புக்கு இது காணாது, குறைந்தது ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும் என்று வாதாடினார். சில வாரங்கள் கழித்துச் சென்னை அரசு இறங்கிவந்து ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று உயர்த்தியது. சேலம் மாவட்டத்துப் பழைய சாலைகளின் அடியில் கிடக்கும் ஜல்லியில் அந்த ஒரு பவுண்டு கூலிக்கு உடைத்ததும் கலந்திருக்கும்.

பஞ்சத்துக்கு முன்பே ரயில் வந்துவிட்டது, தருமபுரிக்கு வரவில்லை. சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போட்ட பாதை ஜோலார்பேட்டை, மொரப்பூர், சேலம் என்று கிழக்கே ஒதுங்கிப் போய்விட்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர ஒரு வழி வேண்டும் என்று பிறகு தோன்றியது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் குறும்பாதை போட்டார்கள். 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. 1941-இல், உலகப் போரின் நடுவே, அதை மூடிவிட்டார்கள். அந்தத் தலைமுறையில் இங்கே சரக்கும் சனமும் மறுபடி முழுக்கச் சாலையையே நம்ப வேண்டியதாயிற்று. சேலம்–பெங்களூர் ரயில் தருமபுரி வழியாக வந்தது 1960-களின் கடைசியில்தான்.

இதற்குள் மோட்டார் வாகனம் வந்து கப்பிச்சாலையைப் பதம் பார்த்தது. ரப்பர் சக்கரம் இரும்புப் பட்டைபோல் அறுக்காது. வேகமாகச் சுழலும்போது ஜல்லிக்கு நடுவே இருக்கும் மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும். புழுதி பறந்த பிறகு ஜல்லி தனித்தனியாகக் கழன்றுவிடும். மண் செய்த வேலையைத் தார் எடுத்துக்கொண்டது. 1931-இல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரி வந்து, அதற்கு ஈடாக உள்ளாட்சிச் சுங்கச்சாவடிகள் எடுக்கப்பட்டன. 1946-இல் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையானது. 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானபோது, அதன் முதுகெலும்பாக இருந்தது வாரணாசி–கன்னியாகுமரி 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை.

தார் வந்தாலும் மெக்காடம் சொன்ன விதி மாறவில்லை. ஏழு மீட்டர் அகலமுள்ள தார்ச்சாலையில் இரண்டரை சதவீதச் சரிவு வைத்தால், நடுப்பகுதி ஓரத்தைவிட ஒன்பது சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருக்க வேண்டும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இந்த ஒன்பது சென்டிமீட்டர்தான் சாலையின் ஆயுள். சாலையோர மண்ணில் புல்லும் குப்பையும் சேர்ந்து தாரைவிட மேடாகிவிட்டால், வழிந்துபோக வேண்டிய தண்ணீர் தாரின் விளிம்பிலேயே நிற்கும். விளிம்பிலிருந்து விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் இறங்கும். அதன்மேல் லாரி ஏறும். ஒரு மாதத்தில் பள்ளம்.

இதைத் தடுக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். மண்வெட்டியோடு ஓர் ஆள் வேண்டும். ஓர மண்ணைச் சீவி, முள்ளை வெட்டி, மழைக்கு முன்னால் சிறுபாலத்தின் கண்களில் அடைத்த மண்ணையும் செடியையும் இழுத்துப் போட்டு, சின்னப் பள்ளமாக இருக்கும்போதே மூடிவிடும் ஆள். 1997-இல் தமிழ்நாடு அரசு சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை இந்த வேலைக்குச் சேர்த்தது. 2002 செப்டம்பரில் அடுத்து வந்த அரசு அவர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பியது. 2006-இல்தான் மீண்டும் வேலை கிடைத்தது. இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகச் சேர்க்க வேண்டும் என்பது அதன்பிறகு அவர்களுடைய சங்கங்களின் நிரந்தரக் கோரிக்கையாகிவிட்டது. சாலை போடுவதற்கு ஒப்பந்தமும் திறப்பு விழாவும் உண்டு. அடைப்பு எடுப்பதற்கு இரண்டும் இல்லை. அதனால்தானோ என்னவோ, நிதி நெருக்கடி என்றதும் முதலில் கண்ணில் பட்டது மண்வெட்டிக்காரர்கள்.

பராமரிப்பு என்ற பெயரில் நடந்த இன்னொரு காரியம், பழைய தாரின்மேல் புதிய தாரைப் போட்டுக்கொண்டே போனது. சாலை வளர வளர வீட்டு வாசல்கள் தாழ்ந்தன. மழைநீர் வாய்க்காலுக்குப் போகாமல் வீட்டுக்குள் போனது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே அதே மட்டத்தில் புதிய தார் போட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

தருமபுரி வறண்ட மாவட்டம் என்ற பேச்சு வடிகாலுக்குப் பெரிய கேடு. ஆண்டில் பத்து மாதம் மணலாகக் கிடக்கும் ஓடைக்குப் பாலம் எதற்கு என்று தரைப்பாலத்தோடு நிறுத்திக்கொள்வது பழைய வழக்கம். தண்ணீர் வந்தால் சாலைக்கு மேலே ஓடட்டும், அரை நாள் காத்திருந்து போகலாம் என்ற கணக்கு அது. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்சமாக அரூரில் 33 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் சாலையோரத்தில் நின்ற வாகனங்களை உருட்டிக்கொண்டு போனதை நாடே காணொளியில் பார்த்தது. தென்பெண்ணையில் போன வெள்ளம் கீழே திருவண்ணாமலை மாவட்டத்தில், அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்துத் திறந்து மூன்று மாதமே ஆன உயர்மட்டப் பாலத்தை அடித்துச் சென்றது.

இனி மறுபடி தொப்பூர். 7-ஆம் எண் 2010-இல் 44 ஆனது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் வடக்கு–தெற்குப் பெருந்தடத்தின் பகுதியாக நான்கு வழியானது. விரிவாக்கத்தில் சாலையோரப் புளியமரங்கள் விழுந்தன. அவற்றின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விட்டுச் சாலைக்கணக்கில் வருமானம் பார்த்த காலமும் அதோடு போயிற்று. 1931-இல் எடுத்த சுங்கச்சாவடி புது உருவத்தில் திரும்பி வந்தது. பெங்களூரிலிருந்து இரவெல்லாம் வரும் சரக்கு லாரிகள் கணவாயில் சேலத்தை நோக்கி இறங்குகின்றன.

இறக்கத்தில்தான் ஆபத்து. டீசல் மிச்சம் பிடிக்க ஓட்டுநர்கள் சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். மீண்டும் மீண்டும் மிதிக்க மிதிக்க பிரேக் சூடேறிப் பிடிமானம் தளரும். இன்ஜின் ஓடாவிட்டால் ஏர் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசரும் ஓடாது. இருக்கும் காற்று தீர்ந்தால் மிதித்தும் பயனில்லை. 2020 டிசம்பர் 12-ஆம் தேதி சிமெண்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று, வரிசையில் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள்மேல் மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் கணவாய்ப் பாலத்தில் நடந்த தொடர் மோதலில் மீண்டும் நான்கு உயிர்கள். கியரில் இறங்கச் சொல்லி எச்சரிக்கைப் பலகைகள் வைத்தார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள், வேகத்தடைக் கோடுகள் போட்டார்கள். கடைசியாக, வளைவையும் சரிவையும் குறைக்க சுமார் 775 கோடி ரூபாயில் 6.6 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

இதே மாவட்டத்தில், 44-ஆம் எண் சாலையிலிருந்து சில மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில், கோட்டூர் மலை இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கும் அந்த மலைக் கிராமத்துக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைமேல் போயின. காப்பியும் மிளகும் விளையும் வத்தல்மலைக்கு வண்டிச் சாலை கிடைத்ததே இந்த நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் நோயாளியைத் தொட்டிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். சாலை எட்டாத மலை ஊர்களில் இன்றும் அப்படித்தான்.

பணம் மட்டும் தடையாக இருந்தால் தொப்பூருக்கு ஒதுக்கியதில் ஒரு துளி போதும். குறுக்கே நிற்பது காடு. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, வனநிலத்தில் சாலை போட மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு குறுக்குவழி தந்தது. கிராமசபை பரிந்துரைத்தால், பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், மாவட்ட அளவிலேயே விடுவிக்கலாம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஒரு பேருந்து மட்டும் போகக்கூடிய 3.75 மீட்டர் அகலத்தில், ஓர வாய்க்காலுக்கு இடம் விடாமல் கணக்குப் போட்டாலும், அது சுமார் 2.7 கிலோமீட்டரில் தீர்ந்துவிடுகிறது. காட்டுக்குள் ஐந்தாறு கிலோமீட்டர் ஏற வேண்டிய ஊர் எதுவும் அந்தக் கணக்குக்குள் அடங்காது. மிச்ச தூரத்துக்குக் கோப்பு மறுபடி 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரிசையில் போய் நிற்கிறது.